பேட்டரியில் ஓடும் சூப்பர்சார்ஜர்: பழைய சான் ஸ்டார்முக்கு வீட்டிலேயே செய்யும் முறை, முதலிலிருந்து கடைசிவரை

சூப்பர்சார்ஜர் என்றால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றி அதன் சக்தியைக் கூட்டுகிற கருவி. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘எலெக்ட்ரிக் டர்போ’ என்று ஒரு ஃபேன் விற்கிறார்கள். 12 வோல்ட், ஏர் ஃபில்டர் குழாயில் சொருகினால் போதும், வண்டி பறக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் நான் செய்த சோதனையைக் கேளுங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் ட்யூப் எட்டு மீட்டர் வாங்கி, மொட்டைமாடிக் கைப்பிடியிலிருந்து யு வடிவில் தொங்கவிட்டு, பாதிவரை நீல மை கலந்த தண்ணீரை ஊற்றி, ஒரு முனையை அந்த ஃபேனின் வாயில் காற்று கசியாமல் டேப் சுற்றி ஓடவிட்டேன். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் வந்த வித்தியாசம் 3 சென்டிமீட்டர். எஞ்சினில் உணரும்படியான பலன் கிடைக்க எனக்கு வேண்டியது 0.3 பார் அழுத்தம். தண்ணீர்க் கணக்கில் அது 3 மீட்டர். அதாவது நூறு மடங்கு குறை. அந்த ஃபேன் இழுப்பது 5 ஆம்பியர், 60 வாட். ஓடாமல் நின்றுவிட்டால் எஞ்சின் இழுக்கிற காற்றுக்கு அதுவே தடை.

அப்படியானால் எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜரே ஏமாற்றா என்றால், இல்லை. ஆடி கம்பெனி 2016இல் எஸ்க்யூ7 காரில் 48 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸரை வைத்து விற்றது. அது 7 கிலோவாட், கால் விநாடியில் 70,000 சுற்றுக்குப் போகும். 60 வாட்டுக்கும் 7,000 வாட்டுக்கும் இருக்கிற தூரம்தான் எல்லாம். நம் சின்ன எஞ்சினுக்கு 7,000 வேண்டாம், 3,000 போதும். அந்த 3,000 வாட்டை எப்படிக் கொண்டுவருவது, கொண்டுவந்தபின் எஞ்சினை உடைக்காமல் எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

வண்டி, என் மாமா பையனுடைய சான் ஸ்டார்ம். இரண்டே சீட், ஃபைபர் உடம்பு, மேலே திறக்கலாம். 1990களின் கடைசியில் நம் நாட்டிலேயே செய்து விற்ற ஸ்போர்ட்ஸ் கார். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் உள்ளே இருப்பது ரெனோவின் 1149 சிசி எஞ்சின், 60 குதிரைசக்தி. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாகப் போகும்போது மேலே திறந்துபோட்டு ஓட்டினால் அதைவிட சந்தோஷம் வேறில்லை. ஒரு பஸ்ஸை முந்தத்தான் மூச்சு வாங்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றிக்கொண்டு பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது. எங்கள் வண்டியில் பிளோயர், அதாவது காற்றை அமுக்குகிற பெட்டி, மாட்டிய நாள் முதல் அது டிராக்குக்கும் தனியார் இடத்துக்கும் மட்டும்தான், அதுவும் லாரியில் ஏறித்தான் போகும். ரோட்டில் ஓட்டியே ஆகவேண்டும் என்றால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

கணக்கு

பேப்பரில் இதைப் போடாமல் ஒரு நட்டுகூட வாங்கக்கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 1.149 லிட்டர், 5,500 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,160 லிட்டர். எட்டு வால்வு எஞ்சின் அதில் எண்பது சதவீதம்தான் உண்மையில் நிரப்பும், ஆக விநாடிக்கு 42 லிட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று 1.15 கிலோ, அதன்படி விநாடிக்கு 48 கிராம் காற்று. 0.3 பார் பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம், ஏற்றி, சூட்டையும் கொஞ்சம் இறக்கினால் இது 60 கிராமுக்கு வரும். அந்த 60 கிராமை வெளிக்காற்றாக அளந்தால் 52 லிட்டர். பிளோயர் விநாடிக்கு 52 லிட்டரை உள்ளே வாங்கி, 0.3 பார் எதிர்ப்பைத் தாண்டித் தள்ளவேண்டும். கசிவு, உராய்வு எல்லாம் சேர்த்து தண்டில் 2.4 கிலோவாட், மோட்டார் கன்ட்ரோலர் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 3 கிலோவாட்.

இதை 12 வோல்ட்டில் எடுக்கப் பார்த்தால் 250 ஆம்பியர். வண்டியின் ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் அதற்குச் செய்யப்பட்டவை இல்லை. 48 வோல்ட்டில் 60 ஆம்பியர்தான், கைக்கு அடங்கிய கரண்ட். ஆகவே தனி 48 வோல்ட் பேட்டரி, இதில் பேரமே வேண்டாம்.

எந்த பிளோயர்

டர்போவில் காற்றை அமுக்குகிற குளிர்ந்த பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து மோட்டார் மாட்டலாமே என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள், நானும் ஒரு மாதம் அதிலேயே சுற்றினேன். 60 மில்லிமீட்டர் வீலில் 0.3 பார் வேண்டுமென்றால் 70,000 சுற்றுக்கு மேல் ஓடவேண்டும். அந்த வேகத்தில் பேரிங், ஆயில், பேலன்ஸ் மூன்றும் வீட்டு வேலைக்குள் வராது, வீல் சிதறினால் குண்டு மாதிரி. வேண்டாம்.

ரூட்ஸ் பிளோயர்தான் வழி. இரண்டு ரோட்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று சுற்றி, ஒரு சுற்றுக்கு இத்தனை சிசி என்று காற்றை அள்ளிக் கொட்டுகிற பெட்டி. ஜப்பானியச் சின்னக் கார்களில் வந்த ஐசின் ஏஎம்ஆர்500 ஒரு சுற்றுக்கு 500 சிசி தள்ளும். விநாடிக்கு 52 லிட்டருக்கு, கசிவு இருபது சதவீதம் போக, 7,800 சுற்று வருகிறது. சாதாரண பிஎல்டிசி (பிரஷ் இல்லாத) மோட்டார் தொடக்கூடிய வேகம் இது. வாங்கியதும் கையால் சுற்றிப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி சுற்றவேண்டும். ரோட்டர் உடம்பில் உரசிய கோடு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கியர் பக்கத்து ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

மோட்டார், எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டுக்கு விற்கிற 6374 வகை, 190 கேவி. வோல்ட்டுக்கு 190 சுற்று என்று அர்த்தம், 51 வோல்ட்டில் சும்மா விட்டால் 9,700 சுற்று போகும். சுமையோடு 7,800 தாராளம். சென்சார் வைத்த மோட்டாராக வாங்குங்கள், சென்சார் இல்லாதது சுமையோடு கிளம்பும்போது திக்கும். மோட்டாருக்குப் போகிற கரண்டை ஆளுகிற கன்ட்ரோலர், வெஸ்க் என்ற வகை, 75 வோல்ட் 100 ஆம்பியர். இங்கே நான் ஒரு தவறு செய்தேன்: 100 ஆம்பியர் என்று முத்திரை குத்திய மலிவான ஒன்றை முதலில் வாங்கினேன், மேசையில் வைத்து 40 ஆம்பியர் கொடுத்த ஏழாவது விநாடியில் உள்ளே ஒரு வெடிச் சத்தம், அப்புறம் அந்த எரிந்த மீன் நாற்றம் மூன்று நாள் அறையை விட்டுப் போகவில்லை. வண்டியில் நடந்திருந்தால், ஃபைபர் உடம்பு, தீப்பிடித்திருக்கும். கன்ட்ரோலரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆம்பியரைக் கட்டினால் பூஸ்ட்டைக் கட்டியது போல

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள், இதைப் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் கைவேலைதான்.

ரூட்ஸ் பிளோயரை ஒரே வேகத்தில் ஓட்டினால் ஆபத்து. 5,500 ஆர்பிஎம்மில் 0.3 பார் தருகிற 7,800 சுற்றை எஞ்சின் 3,000த்தில் இருக்கும்போது கொடுத்தால், எஞ்சின் இழுப்பதைவிட இரண்டு மடங்கு காற்றை அது உள்ளே அமுக்கும், அழுத்தம் எங்கேயோ போய்விடும். அதனால் எஞ்சின் வேகத்தைப் படித்து மோட்டார் வேகத்தை மாற்ற ஒரு புரோகிராம் எழுதவேண்டும் என்று நினைத்து அதில் இரண்டு வாரம் போக்கினேன். தேவையே இல்லை. ரூட்ஸ் பிளோயர் எதிர்க்கிற முறுக்குவிசை, வேகத்தைப் பொறுத்ததே இல்லை என்று சொல்லிவிடலாம், முன்னும் பின்னும் இருக்கிற அழுத்த வித்தியாசத்தைத்தான் அது பொறுத்தது. மோட்டார் தருகிற முறுக்குவிசையோ ஆம்பியரைப் பொறுத்தது. 190 கேவி மோட்டார் ஒரு ஆம்பியருக்கு 0.05 நியூட்டன் மீட்டர் தரும். ஆக, கன்ட்ரோலரை வேகக் கட்டுப்பாட்டில் வைக்காமல் கரண்ட் கட்டுப்பாட்டில் வைத்து, இத்தனை ஆம்பியர்தான் என்று பூட்டிவிட்டால், பூஸ்ட்டும் தானாகவே அந்த அளவில் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் மெதுவாக ஓடினால் பிளோயரும் தானே மெதுவாகச் சுற்றும். எஞ்சின் வேகமெடுத்தால் அதுவும் கூடவே ஓடும்.

500 சிசி பிளோயரில், உராய்வுக்கு 0.45 நியூட்டன் மீட்டர் ஒதுக்கினால், மோட்டார் கரண்ட் 25 ஆம்பியரில் 0.1 பார், 40இல் 0.2 பார், 58இல் 0.3 பார் வரும். மொட்டைமாடி ட்யூபில் இதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிளோயர் வாயில் ஒரு பால் வால்வை மாட்டிக் காற்றை ஓரளவு அடைத்து, ட்யூபை அதற்கு முன்னால் கட்டி, ஆம்பியரை ஏற்ற ஏற்ற நீலத் தண்ணீர் கணக்குப்படியே மேலே போனது. 58இல் கீழ்மாடி ஜன்னல் உயரத்திலிருந்து கைப்பிடி வரை ஏறி நின்றது. வால்வைக் கொஞ்சம் திறந்தால் மோட்டார் சத்தம் கூடுகிறது, தண்ணீர் நகரவில்லை. அதைப் பார்த்த நிமிடம்தான் இந்த வேலை முடியும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

கரண்ட் கட்டுப்பாட்டில் ஒரே பயம், பெல்ட் அறுந்தாலோ ஹோஸ் கழன்றாலோ சுமை போய் மோட்டார் தறிகெட்டு ஓடும். அதற்கு வெஸ்கில் உச்ச வேகத்தையும் பூட்டவேண்டும். இந்த மோட்டாரில் ஏழு ஜோடி காந்தத் துருவங்கள், வெஸ்க் காட்டுவது மின்சுற்று வேகம், ஆகவே 8,500 சுற்றுக்கு 59,500 என்று போடுங்கள். மோட்டார் வெப்பம் 90 டிகிரியில் குறையத் தொடங்கி 100இல் நின்றுவிடும்படியும் வையுங்கள். கூடவே, பிளோயருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டர் திறக்கிற காற்றுக் கதவு) நடுக் குழாயில் 0.4 பாரில் திறக்கிற ஸ்பிரிங் வால்வு ஒன்று கட்டாயம்.

பேட்டரி

லித்தியம் பாலிமர் லேசானது, வேகமாகக் கரண்ட் தரும், ஆனால் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் அதை வைத்துவிட்டு என்னால் நிம்மதியாக இருக்கமுடியாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடுத்தேன். 32700 அளவு, 6 ஆம்பியர்-அவர் செல், 16 தொடர், 4 இணை, மொத்தம் 64 செல். 51.2 வோல்ட், 24 ஆம்பியர்-அவர், செல் மட்டும் ஒன்பது கிலோ சொச்சம். செல்களைக் காக்கிற பிஎம்எஸ் போர்டு 100 ஆம்பியர். சார்ஜர் 58.4 வோல்ட், வீட்டிலேயே இரவில் போட்டுவிடலாம், வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்றும் வேலையே வேண்டாம். பத்து விநாடி முழு பூஸ்ட்டுக்கு 8 வாட்-அவர்தான் செலவு, பேட்டரியில் இருப்பது 1,200க்கு மேல். ஒரு நாள் டிராக்குக்குத் தாராளம்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 100 ஆம்பியர் ஃபியூஸ். கேபிள் 16 ஸ்கொயர் மில்லிமீட்டர் போதும், நான் 25 போட்டேன். கேபிள் முனையில் மாட்டுகிற லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காதீர்கள், ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிவப்பு நிறுத்து பட்டன், அது கான்டாக்டரை, அதாவது பேட்டரி லைனைத் துண்டிக்கிற பெரிய ரிலேயை, விடுவிக்கவேண்டும். கான்டாக்டருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் வழியாக கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரை முதலில் நிரப்பிவிட்டு அப்புறம் மூடுகிற அமைப்பு இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தீப்பொறி பறந்து கான்டாக்ட் கருகும். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று மோதிரம், வாட்ச் போட்டுக்கொண்டு கைவைக்காதீர்கள். ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஸ்பேனரே உருகும்.

பெட்ரோல் முதலில், காற்று கடைசியில்

இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. பிளோயரைச் செய்துமுடித்த ஆர்வத்தில் நேராக மாட்டி ஓட்டிப்பார்த்துவிட்டால் பிஸ்டன் ஓட்டையாகும். பெட்ரோல் அளவை முடிவுசெய்கிற எஞ்சின் கம்ப்யூட்டரான பழைய இசியூவின் அழுத்த சென்சார் வெளிக்காற்று அழுத்தத்துக்கு மேல் கொஞ்சம்தான் படிக்கும். அதற்குமேல் காற்று வந்தது அதற்குத் தெரியவே தெரியாது, பழைய அளவு பெட்ரோலையே ஊற்றும். காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் சூடு, நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிப்பது), அப்புறம் உருகல். இதெல்லாம் நடக்க ஒரு நீண்ட முடுக்கு போதும்.

எனவே வரிசை இப்படி. முதலில் கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகவேண்டும், ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். அடுத்து சைலன்சர் குழாயில், புகையைப் பார்த்து காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலந்தன என்று சொல்கிற வைட்பேண்ட் லாம்டா சென்சார். பாஷ் எல்எஸ்யு 4.9 போட்டேன். அதற்கான நட்டை ஆர்கான் வெல்டிங்கில் குழாயின் மேல்பாதியில் வைக்கவேண்டும், கீழே வைத்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது தேங்குகிற நீர் சென்சாரைக் கொன்றுவிடும். அப்புறம் இசியூ. ஸ்பீடுயினோ என்று ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடுகிற திறந்தமுறை (ஓப்பன் சோர்ஸ்) இசியூ இருக்கிறது. 250 கிலோபாஸ்கல் வரை படிக்கும் எம்பிஎக்ஸ்4250 அழுத்த சென்சாரோடு அதை மாட்டினோம். உங்கள் எஞ்சினின் கிராங்க் சக்கரப் பல்லமைப்பு அதற்குத் தெரிந்த வகையா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பிளோயர் இல்லாமலே இந்த இசியூவில் வண்டி ஒரு மாதம் ஒழுங்காக ஓடவேண்டும். காலையில் முதல் சாவியில் ஸ்டார்ட் ஆகவேண்டும், ஐடில் ஆடக்கூடாது, ஏசி இருக்கிற வண்டியென்றால் அது போட்டாலும் நிற்கக்கூடாது. அந்த ஒரு மாதம் பொறுமை எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பிளோயர் மேசைமேல் எண்ணெய் பூசி உட்கார்ந்திருக்கும், நீங்களோ இசியூவுக்குள் இருக்கும் ஐடில் டேபிள் என்கிற எண் அட்டவணையில் ஒன்று இரண்டு என்று எண்ணை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இன்ஜெக்டர் கணக்கு: விநாடிக்கு 60 கிராம் காற்று, இப்போது பெட்ரோல் பங்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், அதற்குச் சமநிலை விகிதம் (ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்று) 13.5 அளவில்தான், சுத்த பெட்ரோலின் 14.7 இல்லை. சமநிலையில் லாம்டா 1, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல்; பூஸ்ட்டில் லாம்டா 0.80 வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 112 சிசி, இன்ஜெக்டரை எண்பது சதவீதத்துக்கு மேல் திறந்துவைக்கக்கூடாது என்பதால் 140. கொஞ்சம் கையிருப்போடு 180 சிசி இன்ஜெக்டர் போட்டோம். காற்று-பெட்ரோல் விகிதமாகப் பார்க்காமல் லாம்டாவாகவே பாருங்கள், எந்தப் பங்கில் எத்தனை சதவீத எத்தனால் என்று குழம்பவேண்டியதில்லை. ஃப்யூயல் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஹோஸ் வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் பூஸ்ட்டில் இன்ஜெக்டர் ஐந்து சதவீதம் குறைவாகத் தெளிக்கும், அதையும் டேபிளில் கூட்டவேண்டும்.

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். பூஸ்ட் பகுதியில் இக்னிஷனை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி பின்னால் இழுத்துத் தொடங்குங்கள், 0.3 பாருக்கு நாலரை டிகிரி.

குழாயும் பெல்ட்டும்

பிளோயர் ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே வரும். ரூட்ஸ் நின்றுவிட்டால் காற்றுக்குக் கதவு மூடியது போல, அதனால் அதற்கு இணையாக ஒரு பக்கவழி வேண்டும், அதில் ஒருபக்கம் மட்டும் திறக்கிற மடல். மெதுவாக ஓட்டும்போது எஞ்சின் அந்த மடலைத் தள்ளித் திறந்து காற்றை இழுத்துக்கொள்ளும். பிளோயர் கிளம்பியதும் அழுத்தம் பின்னாலிருந்து அதை அறைந்து மூடும். ரப்பர் ஷீட்டை வெட்டி முதலில் மடல் செய்தேன், இரண்டாவது வாரத்தில் ஓரம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது, அந்தத் துண்டு எஞ்சினுக்குள் போகாதது என் அதிர்ஷ்டம். இப்போது இருப்பது 1 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடு, கீல் பின்னை இரண்டு பக்கமும் வெல்டு வைத்துப் பூட்டியது. த்ராட்டிலை நோக்கிப் போகிற எந்தப் பாகமும் கழன்று விழமுடியாதபடி இருக்கவேண்டும். கடைசியாக ஒரு கம்பிவலையும் போடுங்கள்.

குழாய் இரண்டு அங்குல அலுமினியம், வளைவுகளில் சிலிக்கான் ஹோஸ், டி-போல்ட் கிளாம்ப். வீட்டில் மிச்சமிருந்த பிவிசி குழாயில் அளவு பார்க்கலாம், ஓட்டக்கூடாது. 32 டிகிரியில் உள்ளே போகிற காற்று ரூட்ஸிலிருந்து 75 டிகிரியில் வெளியே வரும், எஞ்சின் அறைச் சூடு வேறு. பிவிசி கொழகொழத்துவிடும். அந்தக் காற்றைக் குளிரவைக்க, சின்ன டீசல் கார் இன்டர்கூலர் ஒன்று சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது, அதை முன் கிரில்லுக்குப் பின்னால் வைத்தோம். உள்ளே பழைய ஆயில் படிந்திருக்கும், டீசல் ஊற்றிக் குலுக்கி, சோப்புத் தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

மோட்டாரும் பிளோயரும் ஒரே பிளேட்டில் உட்காரவேண்டும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு வரைபடத்தைக் கொண்டுபோனேன். 6 எம்எம் அலுமினியம் என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு இரண்டு விரலால் காற்றில் பெல்ட்டை இழுத்துக் காட்டினார்.

“தம்பி, பெல்ட் இழுக்கும்போது பிளேட்டு வளையும். ரெண்டு புல்லியும் ஒரே கோட்டுல இல்லைன்னா பெல்ட்டு ஒரு ஓரமாவே தேயும்.”

“எவ்வளவு போடலாம் அண்ணே?”

“பத்து போடு. மோட்டாருக்கு ஓட்டையை நீளமா வெட்டித் தரேன், டைட் வைக்க வேணும்ல.”

அவர் சொன்னபடி 10 எம்எம் பிளேட், நீள ஓட்டை. புல்லி இரண்டும் 24 பல், எச்டிடி 5எம், 15 மில்லிமீட்டர் அகல டைமிங் பெல்ட், ஒன்றுக்கு ஒன்று. அதில் வருகிற இழுவிசை 150 நியூட்டன் சொச்சம்தான், அந்தப் பெல்ட்டுக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் கன்ட்ரோலரில் கரண்ட் ஏறும் நேரத்தை 0.3 விநாடியாவது வையுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் பெல்ட் பல் சீவிக்கொண்டு போகும்.

கிராங்க் கேஸ் ஆவியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற பிசிவி ஹோஸில் ஒருவழி வால்வு போட மறக்காதீர்கள், இல்லையென்றால் பூஸ்ட் கிராங்க் கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளும். பிரேக் பூஸ்டர் ஹோஸில் ஏற்கெனவே ஒன்று இருக்கும், அது வேலை செய்கிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் ஆவிக் குழாய்க்கும் அதேதான்.

எப்போது கிளம்பவேண்டும்

த்ராட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல், எஞ்சின் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல், தண்ணீர் வெப்பம் 70க்கு மேல் 100க்குக் கீழ், இவை எல்லாம் சேர்ந்தால்தான் ஸ்பீடுயினோ ஒரு அவுட்புட்டை ஆன் செய்யும். அது வெஸ்குக்குக் கிளம்பச் சொல்லும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 15 விநாடி, அப்புறம் 30 விநாடி ஓய்வு. காலை எடுத்தால் உடனே கட். த்ராட்டில் மூடும்போது குழாயில் மாட்டிக்கொள்கிற காற்றை அந்த ஸ்பிரிங் வால்வு வெளியே விட்டுவிடும்.

முதல் ஓட்டம்

பண்ருட்டிப் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய முந்திரிக் கம்பெனிக்குள் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான தார்ப்பாதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியலில், வெயில் ஏறும் முன் அங்கே போனோம். ஓட்டுகிறவர் ரோட்டை மட்டும் பார்க்கவேண்டும், லேப்டாப் இன்னொருவர் மடியில். தீயணைப்பான் சீட்டுக்குப் பின்னால்.

முதலில் 25 ஆம்பியர், மூன்றாவது கியர், 2,500லிருந்து 4,500 வரை ஒரே முடுக்கு, நிறுத்து, பதிவைப் பார். லாம்டா 0.80க்கும் 0.85க்கும் நடுவில் இருந்தால் அடுத்ததைச் செய். இல்லையென்றால் பெட்ரோல் டேபிளைத் திருத்து, மறுபடி அதே 25 ஆம்பியர். அந்த நிலையில் நாலு முறை சுத்தமாக வந்தபின்தான் 40க்குப் போகவேண்டும். 40 ஆம்பியரில் இரண்டாவது முடுக்கில், 4,000 தாண்டும்போது லாம்டா 0.82லிருந்து 0.95க்கு ஏறியது. “விடு, விடு” என்று கத்தினேன், மாமா பையன் காலை எடுத்துவிட்டான். அந்த நேரத்தில் எஞ்சின் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, இழுப்பும் நன்றாகத்தான் இருந்தது, மீட்டர் மட்டும் இல்லையென்றால் இன்னும் மூன்று விநாடி மிதித்திருப்பான். கழற்றிப் பார்த்தால் ஃப்யூயல் ஃபில்டர் பாதி அடைப்பு. சாதாரண ஓட்டத்துக்கு அது போதுமாக இருந்திருக்கிறது, பூஸ்ட்டுக்குப் போதவில்லை. அன்று அத்தோடு திரும்பிவிட்டோம். ஃபில்டரும் பம்பும் புதிது மாட்டி, ஃப்யூயல் பிரஷர் மீட்டரை வைப்பருக்குக் கீழே கண்ணில் படும்படி டேப் போட்டு ஒட்டி, அடுத்த வாரம் மறுபடி 25இலிருந்தே தொடங்கினோம்.

ஒவ்வொரு படிக்கும் பிறகு பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது. மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளியோ, வெள்ளியாக மினுக்குகிற துகளோ தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த மினுக்கு பிஸ்டன் அலுமினியம்.

58 ஆம்பியரில் முதல் சுத்தமான முடுக்கு மூன்றாவது ஞாயிறு வந்தது. மிதித்ததும் ஒரு விநாடிக்குள் முன்னாலிருந்து ஒரு ஊளை கிளம்பி, வண்டி முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல் இழுத்தது. கணக்குப்படி கூடுவது பத்துப் பன்னிரண்டு குதிரைசக்திதான். அறுபதோடு பன்னிரண்டு என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் 2,500லேயே கிடைக்கிறது. அந்த எஞ்சின் அந்த வேகத்தில் அப்படி இழுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. 0.3 பாருக்கு மேல் போகவேண்டாம். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன், பிஸ்டன், ஹெட் கேஸ்கட் எதுவும் பூஸ்ட்டுக்காகச் செய்ததில்லை. நல்ல டிரைவிங்குக்கு இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாள் எடுத்து ஓட்டுங்கள்.

உப்புக்காற்று

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு பகுதி. எங்கள் வீடு தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து நடந்துபோகிற தூரம். ஸ்டீல் கிளாம்ப் அலுமினியக் குழாயைத் தொடுகிற இடத்தில் ஒரே மழைக்காலத்தில் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. இப்போது கிளாம்ப் குழாயைத் தொடாமல் சிலிக்கான் மேல் மட்டும் உட்காரும்படி மாற்றியிருக்கிறேன். 48 வோல்ட் லக் எல்லாவற்றிலும் வாசலின் தடவி, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் ஏற்றினேன். சென்சார் கனெக்டர்களில் பச்சைப் பூ பிடித்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள், லாம்டா சென்சார் பொய் சொல்லத் தொடங்கினால் மேலே சொன்ன எந்தப் பாதுகாப்பும் பயனில்லை. வண்டி சும்மா நிற்கிற நாளில் பிளோயர் ரோட்டரை வாரம் ஒருமுறை கையால் நாலு சுற்று சுற்றிவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னால் ஏர் ஃபில்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், கீழே பம்பருக்குள் வைத்திருந்தால் மேலே தூக்கி மாட்டுங்கள். ரூட்ஸ் தண்ணீரையும் அதே 500 சிசி கணக்கில்தான் அள்ளி உள்ளே கொட்டும்.